அம்மா துடைத்த படங்கள்

எங்க வீட்டுச் சுவரில் ஐந்து படங்கள் இருக்கின்றன. அம்பேத்கர் படம் ஒன்று. ஆயா படம் ஒன்று. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் ஒன்று. என் மகள் பட்டம் வாங்கிய படம் ஒன்று. ஐந்தாவது, தாத்தா படம். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஐந்தாவது படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னாங்க இப்படிப் பிஞ்சு கெடக்குது, கழட்டிட்டு வேற மாட்டக் கூடாதா?" என்று கேட்பார்கள். வேறு மாட்ட முடியாது. தாத்தாவுக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். அதைக் கெடுத்தது யாரும் இல்லை, நான்தான். படித்தவன், வாத்தியார் வேலை பார்த்தவன்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆண்டை வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கணும். ஏனென்றால் படம் துடைக்கிற வேலையை என் அம்மா கற்றுக்கொண்டது அங்கேதான்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் ஆண்டை வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கும். சுண்ணாம்பு ஊறவைக்க, கொல்லையைச் சுத்தம் பண்ண, சாமான் விளக்க என்று சேரியிலிருந்து நாலைந்து பொம்பளைங்க போவார்கள். எனக்கு அப்போ எட்டு வயசு இருக்கும். 1974. பள்ளிக்கூடம் லீவு. போனால் பழைய சோறாவது கிடைக்கும் என்று அம்மா பின்னாடியே போவேன். தெருப்பக்க வாசலில் எங்களுக்கு வழி கிடையாது. பின்பக்கமாகச் சுற்றி, மாட்டுக்கொட்டகை ஓரமாக வந்து கொல்லையில் நிற்கணும்.

கூடத்துச் சுவரிலிருந்து படங்களைப் பண்ணையாள் ஒருத்தர் கழற்றிக் கொண்டுவந்து கொல்லையில் விரித்த சாக்கின் மேல் வைப்பார். அவர் எங்க சாதி இல்லை, அதனால் கூடம் வரைக்கும் போகலாம். சாமி படங்கள் வெளியே வராது. அதை ஆண்டச்சியே துடைப்பாள். வெளியே வருவதெல்லாம் மனுசங்க படம். பெரிய ஆண்டை தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம். அவர் அப்பா படம். கல்யாணப் படங்கள். கதர் போட்ட ஒரு தலைவரோடு சின்ன ஆண்டை நிற்கிற படம். எண்ணிப் பார்த்திருக்கிறேன், பதினேழு. ஒரு வீட்டுக்குப் பதினேழு முகம். அன்றைக்கு எங்க சேரி முழுக்கத் தேடினாலும் கண்ணாடி போட்ட மனுசப் படம் நாலு தேறாது.

சாமி படத்துக்கு ஒரு நியாயம், மனுசப் படத்துக்கு ஒரு நியாயம் ஏன் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். காரணம் படத்தின் பின்பக்கம். பூசை அறைப் படத்தை அடிக்கடி எடுத்துத் துடைப்பார்கள். கூடத்துப் படம் வருசம் பூராவும் அசையாமல் தொங்கும். அதற்குப் பின்னால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பல்லி முட்டை இருக்கும், எச்சம் இருக்கும். சிலந்தி, கரப்பான், கரையான் எல்லாம் அங்கேதான். ஆக, படம் அவங்களுக்கு, படத்தின் முதுகு எங்களுக்கு.

அம்மா செய்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் சாக்கின் மேல் பழைய வேட்டித் துண்டு ஒன்றை மடித்துப் போடும். அதன்மேல் படத்தைக் கண்ணாடி கீழே இருக்கும்படி கவிழ்க்கும். கோழி இறகால் முதுகுப்பக்கத் தூசியைத் தட்டும். குளவிக் கூட்டை ஈரம் போடாமல் காய்ந்த மண்ணாகவே பெயர்த்து எடுக்கும். கரையான் மண் இருந்தால் மூலையை மோந்து பார்க்கும், விரலால் தட்டிக் கேட்கும். சட்டத்தின் பின்பக்க மரத்தில் மட்டும் வேப்பெண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. பிறகு படத்தைத் திருப்பும். கண்ணாடியில் முதலில் காய்ந்த துணி, மண் துகள் கண்ணாடியைக் கீறக் கூடாதே. அடுப்புப் புகைப் பிசுக்கு இருந்தால் சலித்த சாம்பலைத் துணியில் தொட்டு, லாந்தர் கண்ணாடி துடைக்கிற மாதிரி நடுவில் மட்டும் வட்டமாகத் தேய்க்கும். கடைசியில் நனைத்த துணி. நனைத்ததா நனைக்காததா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பிழிந்த துணி. அதுவும் சட்டத்தின் ஓரத்துக்கு ஒரு விரக்கடை முன்னாடியே நின்றுவிடும். உடனே காய்ந்த துணியால் ஒத்தி எடுக்கும்.

"ஓரத்துல ஏம்மா தொடைக்கல?" என்று கேட்டேன்.

"ஓரத்துல தண்ணி போனா உள்ள எறங்கிடும்டா. எறங்கிச்சுன்னா மூஞ்சி போயிடும்."

யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. கல்யாணமாகி வந்த புதுசில் துடைத்த ஒரு படம் அப்படித்தான் போயிருக்கிறது. அதற்கு வாங்கிய பேச்சில் கற்றுக்கொண்டதாம்.

துடைத்து முடித்தபின் ஒன்று நடக்கும். ஆண்டச்சி பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் எடுத்துக்கொண்டு வருவாள். சாக்கின் மேல் வரிசையாக வைத்திருக்கிற படங்கள் மேல் தெளிப்பாள். நாங்க தொட்ட தீட்டுப் போவதற்கு. கொஞ்சமாக இல்லை, நல்லாவே தெளிப்பாள். தண்ணீர் கண்ணாடியில் வழிந்து கீழ்ச்சட்டத்தில் போய் நிற்கும். அப்படியே ஈரத்தோடு எடுத்துக்கொண்டுபோய்ப் புதுச் சுண்ணாம்பு காயாத சுவரில் மாட்டுவார்கள்.

அம்மா ஒரு சொட்டு போகாமல் பார்த்துப் பார்த்துத் துடைத்த படத்துக்கு மேல், அம்மா தொட்டதற்காகவே ஒரு சொம்புத் தண்ணீர்.

இரண்டு வருசம் கழித்து, 1976 பொங்கலுக்கு, பெரிய ஆண்டையின் படத்தை இறக்கினபோது முகத்தில் பாதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பாகைக்குக் கீழே ஈரக் கறை. கன்னத்தில் பச்சையாய்ப் பூஞ்சை. ஆண்டச்சி கூப்பாடு போட்டாள். "ஏண்டி, எங்க மாமனார் மூஞ்சிய இப்படிப் பண்ணிட்டியே, என்னா தண்ணியடி ஊத்துன?" அம்மா, "நான் தண்ணி ஊத்தலியே ஆண்டச்சி" என்று மட்டும் சொன்னது. யார் ஊற்றியது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த அறுப்புக் கூலியில் இரண்டு மரக்கால் நெல் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா பேசவே இல்லை. குட்டை ஓரம் வந்தபோது மட்டும், "தண்ணி ஊத்துனவ கைய எவன் கேப்பான்" என்றது.

தாத்தா படத்துக்கு வருகிறேன். தாத்தா உயிரோடு இருந்தவரை அவரை யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். 1972-ல் செத்தபோது, அப்பாதான் பிடிவாதமாக டவுனுக்கு சைக்கிள் மிதித்துப் போய் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இருபது ரூபாய் கேட்டாராம். ஊருக்குள் எடுத்தால் பத்து, சேரிக்கு வந்தால் இருபது. அப்பா கடன் வாங்கிக் கொடுத்தார்.

பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டி, நாடிக்கட்டை வேட்டியால் மறைத்து, சுற்றி நாங்க எல்லாரும் நின்று எடுத்த படம். எழவு வீட்டில் எடுக்கிற படம் என்றால் உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். எங்க சனங்களில் அந்தத் தலைமுறைக்கு எத்தனையோ பேருக்கு முதல் படமும் அதுதான், கடைசிப் படமும் அதுதான். உயிரோடு இருக்கிறப்ப யாருக்கும் தேவைப்படாத முகம். ஸ்டூடியோக்காரர் தாத்தாவின் மூடின இமைகள் மேல் மையால் இரண்டு கண் வரைந்து கொடுத்தார். அதற்குத் தனிக் காசு. திறந்த கண்ணோடு தாத்தா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் சாய்ந்து நிற்கிற ஆறு வயசுப் பையன் நான்.

அந்தப் படத்துக்கு அப்பா கண்ணாடி போட்டார். கூரை வீடு. ஒரே அறை. அடுப்பு அதிலேயே, சிம்னி விளக்கும் அதிலேயே. அந்தப் புகையில் இருபது வருசம் அந்தப் படம் கெடாமல் இருந்தது. அம்மா துடைத்த துடைப்புதான் காரணம். இது எனக்கு அப்போது தெரியாது.

நான் படித்தேன். அரசு விடுதியில் தங்கிக் கல்லூரி முடித்தேன். 1989-ல் வாத்தியார் வேலை கிடைத்தது. கூட்டங்களுக்குப் போனேன், பத்திரிகைகள் படித்தேன், பேசினேன். அம்மாவை ஆண்டை வீட்டு வேலைக்குப் போகாமல் நிறுத்தினதுதான் நான் செய்த முதல் காரியம். அதில் எனக்குப் பெருமை. இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் செய்தேன். அம்மா கையில் இருந்த வேலை எல்லாவற்றையும் அடிமை வேலை என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிட்டேன். விளக்குகிறது, துடைக்கிறது, மெழுகுகிறது எல்லாமே எனக்கு அவமானமாகப் பட்டது. அம்மா பொங்கலுக்கு எங்க வீட்டுப் படத்தை இறக்கி வேட்டித் துண்டை மடிக்கிறதைப் பார்த்தால்கூட ஆண்டை வீட்டுக் கொல்லைதான் ஞாபகத்துக்கு வரும். "போதும்மா, எழுந்திரு" என்பேன்.

1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு. அதற்கு முந்தின வருசம்தான் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தார்கள். நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் படம் ஏறியதும் அதே 1990-ல்தான். 1956-ல் செத்த மனுசனுக்கு, அவர் உட்கார்ந்து சட்டம் எழுதின கட்டடத்திலேயே ஒரு படம் மாட்ட 33 வருசம் ஆகியிருக்கிறது. எங்க காலனிப் பையன்கள் வீட்டுக்கு இரண்டு ரூபாய் வசூல் பண்ணி, நீலக் கோட்டு போட்ட அச்சுப் படம் ஒன்று வாங்கி, டவுனில் கண்ணாடி போட்டார்கள். அதை ஊர்த் தெரு வழியாகத்தான் கொண்டுவரணும். அந்தத் தெருவில் நாங்க சைக்கிளில் ஏறிப் போக முடியாது. நாலு பேர் சைக்கிளைத் தள்ள, இரண்டு பேர் படத்தை நெஞ்சோடு பிடித்து, கண்ணாடி தெருவைப் பார்க்கிற மாதிரித் திருப்பிக்கொண்டு நடந்தோம். அந்தக் கண்ணாடியில் ஊர்க்காரங்க முகம் ஒவ்வொன்றாகத் தெரிந்ததாகப் பின்னாடி வந்த பையன்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

மன்றத்தில் மாட்டினோம். பெண்கள் வந்து பொட்டு வைத்தார்கள், பூ போட்டார்கள், கற்பூரம் கொளுத்தப் போனார்கள். "அவர் சாமி இல்ல, சாமிய வேணாம்னவரு" என்று நாங்க தடுத்தோம். பெரிய வாக்குவாதம். அம்மா நடுவில் வந்து, "சாமியோ ஆளோ, ஈரப் பூவக் கண்ணாடி மேல போடாதீங்கடி, தண்ணி உள்ள எறங்கும்" என்றது. எங்க கொள்கைப் பேச்சை யாரும் கேட்கவில்லை. அம்மா சொன்னதைக் கேட்டார்கள். அன்றையிலிருந்து காகித மாலை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

1993 பொங்கல். வீடு ஓட்டு வீடாகியிருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல். நானே சுத்தம் பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தேன். தாத்தா படத்தை இறக்கினேன். கண்ணாடியில் வருசக்கணக்கான புகை ஓரங்களில் மஞ்சளாய்ப் படிந்திருந்தது. அம்மா நடுவில் மட்டும் துடைத்து ஓரத்தை விட்டுவந்ததால் சேர்ந்த அழுக்கு. 'சரியாத் தொடைக்கத் தெரியல' என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, படத்தை நிமிர்த்தி வைத்து, மேலேயிருந்து கீழே வரைக்கும் நல்லா ஊற்றித் தேய்த்தேன். கண்ணாடி பளபளவென்று ஆனது. வெயிலில் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் மாட்டினேன்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது தாத்தா நெற்றியில் கறை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் முகம் கண்ணாடியோடு அப்பியிருந்தது. பதறிப்போய் ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை எடுத்து, படத்தை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம். படம் கையில் வந்தது. முகம் வரவில்லை. வரைந்த இரண்டு கண்ணும் நெற்றியும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. கையில் இருந்த படத்தில் அந்த இடம் வெள்ளைக் காகிதம்.

பெரிய ஆண்டை படத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றின ஆண்டச்சிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அம்மாவின் கை தொட்டது சரியில்லை என்றுதான் அவளும் ஊற்றினாள். அதையே நினைத்துத்தான் நானும் ஊற்றினேன்.

அம்மா எழுந்து வந்து பார்த்தது. திட்டவில்லை. அழவும் இல்லை. "இழுத்தியா?" என்று மட்டும் கேட்டது. பிறகு உட்கார்ந்து, கண்ணாடியைக் கவிழ்த்து வைத்து, படத்தை அதன்மேல் நகர்த்தி நகர்த்தி, கண் இருந்த இடத்தில் கண் வருகிற மாதிரிப் பொருத்தியது. அட்டையை வைத்து ஆணியை அடித்துத் திரும்ப மாட்டச் சொன்னது. "கண்ணு கண்ணாடில கீது, ஒடம்பு காயிதத்துல கீது. ரெண்டும் சேந்து இருந்தா ஆளு இருக்காரு. இனிமே இத யாரும் பிரிக்காதீங்க."

அதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்க டவுனில் கண்ணாடி போடுகிற பாய் கடைக்குப் போனேன். பழைய ஆள். ஸ்டூடியோவிலும் வேலை பார்த்தவர். அவர்தான் விவரம் சொன்னார். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் முகம் இருப்பது காகிதத்தில் இல்லை. காகிதத்தின் மேல் ஒரு மெல்லிசான பசை பூசியிருக்கும். அதற்கு ஜெலட்டின் என்று பேர். அந்தப் பசைக்குள் வெள்ளித் துகள் இருக்கும். அந்தத் துகள்தான் கறுப்பாய் முகமாய்த் தெரிகிறது. ஈரம் பட்டால் பசை உப்பி நெகிழ்ந்துவிடும். காயும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் கண்ணாடியைத்தான் பிடிக்கும். நடுவில் ஒரு அட்டைப் பட்டை கொடுத்து இடைவெளி விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

"அந்தப் பசை எதுல செய்யறாங்க பாய்?" என்றேன்.

"மாட்டு எலும்பு, மாட்டுத் தோலு. காய்ச்சி எடுக்கிறதுதான்" என்றார்.

கடையில் நின்றபடியே சிரித்துவிட்டேன். பாய்க்கு ஏன் என்று புரியவில்லை. ஆண்டை வீட்டுக் கூடத்தில், எங்க கை பட்ட தீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து மாட்டியிருந்தார்களே பதினேழு படம், அத்தனையும் மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சின பசை. செத்த மாட்டைத் தூக்கினவன், தோலை உரித்தவன், எலும்பு பொறுக்கினவன் எவனோ, அவன் கைக்கு அப்பால் அந்த முகங்களுக்கு இருப்பே இல்லை.

ஒட்டினதை ஒன்றும் செய்ய முடியாது, இழுக்காமல் இருந்திருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே காப்பி எடுத்திருக்கலாம் என்றார் பாய். அம்மா பொருத்தி வைத்தது எப்படி என்று சொன்னேன். "அதுக்கு மேல யாராலயும் பண்ண முடியாது. உங்க அம்மா எந்த ஸ்டூடியோவுல வேலை பாத்தாங்க?" என்று கேட்டார். ஆண்டை வீட்டுக் கொல்லையில் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வருசம், 1993-ல், வாக்காளர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை என்று தேர்தல் ஆணையம் உத்தரவு போட்டது. பிற்பாடு எங்க காலனிக்கும் வந்து எடுத்தார்கள். ஆயாவுக்கு அதுதான் முதல் படம். பயந்துபோன முகம், கலைந்த முடி. 1999-ல் ஆயா செத்தபோது அந்தத் தபால்தலை அளவு முகத்தைத்தான் பெரிசு பண்ணிக் கண்ணாடி போட்டோம். புள்ளி புள்ளியாய் இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் ஆயா தெரியும். தாத்தா முகத்துக்குச் சாவு வரணும், ஆயா முகத்துக்கு ஓட்டு வரணும். எங்க சனங்களுக்குப் படம் வந்த வழி இதுதான்.

இதெல்லாம் வீட்டு விசயம், இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். 1995 ஆகஸ்ட் 31 அன்று தெற்கே கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீட்டுச் சாமான்களை அடித்து நொறுக்கியது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரிப் பக்கம் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். வீடு எரிந்தால் கணக்கு எடுக்கிறார்கள். டிவி எத்தனை, பீரோ எத்தனை, நகை எவ்வளவு என்று எழுதுகிறார்கள். எழுதணும், வாங்கணும், விடக் கூடாது. எரிந்த வீட்டைக் கட்டிக் கொடுக்க 1995-ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் வழி இருக்கிறது. எரிந்த முகத்துக்கு வழி இல்லை. ஒரே ஒரு படம் இருக்கிற வீட்டில் அது போனால் அந்த ஆள் இரண்டாம் தடவை சாகிறான். அடிக்க வருகிறவனுக்கு இது தெரியும். எங்க மன்றத்து அம்பேத்கர் படத்தின் மேல் ஒருநாள் ராத்திரி கல் விழுந்தது. பக்கத்தில் பெரிய ஜன்னல் இருந்தது, அதில் விழவில்லை. அன்றைக்கும் அம்மாதான் சில்லுகளைப் பொறுக்கி எடுத்தது. "இது அச்சுக் காயிதம், ஒட்டல, கோட்டுல கீறல்தான், ஆளுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே.

அயோத்திதாசர் 1907-ல் ஆரம்பித்த பத்திரிகையின் எழுத்துகள் 1999-ல் தொகுதிகளாக வந்தன. நடுவில் 92 வருசம். அந்தக் காகிதங்களை யாரோ கரையானுக்கும் ஈரத்துக்கும் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அது நடந்தது. அந்தக் கைகளில் எத்தனை கை என் அம்மா மாதிரிப் படிக்காத கையோ. வரலாறு எழுதணும் என்கிறோம். எழுதுவதற்கு முன்னால் துடைத்து வைக்கிற வேலை ஒன்று இருக்கிறது. அதை அடிமை வேலை என்று நான் ஒதுக்கினேன். வேலையில் அடிமைத்தனம் இல்லை. யார் வீட்டில், யார் சொல்லி, என்ன கூலிக்கு, எந்த வாசல் வழியாக என்பதில் இருந்தது அது.

அதனால் அம்மாவிடமும் பாயிடமும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்க வீட்டிலும் காலனியிலும் செய்யுங்கள். படத்தை மாட்டியபடி துடைக்காதீர்கள், இறக்கி வையுங்கள். முதுகை முதலில் பாருங்கள், கரையானும் பூச்சியும் அங்கேதான் ஆரம்பிக்கும். கண்ணாடி மேல் எதையும் ஊற்றவோ பீய்ச்சவோ வேண்டாம், துணியில் தொட்டுத்தான் துடைக்கணும், ஓரத்துக்கு முன்னாலேயே நிறுத்தணும். இப்போது கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் போடுகிறார்கள், அதில் சாம்பல் தொட்டால் கீறல் விழும், மெல்லிசுப் பருத்தித் துணி போதும். சட்டத்தைத் திறந்தால் படத்தின் முகத்தில் விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடியுங்கள். பின்னாடி இருக்கிற பழுப்பு அட்டையில் இருக்கிற அமிலமே படத்தை மஞ்சளாக்கும், முடிந்தால் மாற்றுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டைப் பட்டை கொடுக்கச் சொல்லிக் கடையில் கேளுங்கள். மழைக்கு ஊறுகிற வெளிச்சுவரில், அடுப்புக்கு மேலே, வெயில் நேராக விழுகிற இடத்தில் மாட்டாதீர்கள். கீழ் மூலைகளின் பின்பக்கம் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். அப்படியே வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி, உங்க பின்னால் கறுப்புத் துணி பிடித்து, செல்போனில் ஒரு படம் எடுங்கள். எடுத்ததை நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வீடு எரிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும். படத்தின் முதுகில் மெதுவாகப் பென்சிலால் பேர் எழுதுங்கள், வருசம் எழுதுங்கள், என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முகத்தில் தெரியும்.

அம்மா 2019-ல் செத்துப்போனது. கடைசி வருசம் கண் தெரியாமல் இருந்தபோதும் பொங்கலுக்குப் படங்களை இறக்கி மடியில் கொடுக்கச் சொல்லும். விரலால் தடவி, "இது உங்க தாத்தாவா?" என்று கேட்கும். மூலையைத் தட்டிக் கேட்டு, "கரையான் இல்ல, மாட்டு" என்று சொல்லும்.

போன பொங்கலுக்கு என் மகள் வந்திருந்தாள். வேட்டித் துண்டை மடித்துப் போட்டு அவளும் நானும் உட்கார்ந்தோம். தாத்தா படத்தைக் கவிழ்த்தபோது முதுகு அட்டையில் ஒன்றும் எழுதாமல் இருப்பதைப் பார்த்தாள். இவ்வளவு பேசுகிற நான் அதைச் செய்யவில்லை. பென்சில் எடுத்து வந்தாள். தாத்தா பேர் சொன்னேன், எழுதினாள். 1972 என்று எழுதினாள். "என்ன வேலைப்பா?" என்றாள். பண்ணையாள் என்றேன். எழுதினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே, "இதைப் பொருத்தி வைத்தது" என்று எழுதி அம்மா பேரையும் எழுதினாள்.